பின்னால் ஒரு சுற்று

அடுத்தவர் கை மூடிய எதையும் அவள் கணவர் நம்பியதில்லை. குழாயை அவள் மூடிவிட்டு வந்தால் அவர் எழுந்து போய்த் திறந்து மறுபடி மூடுவார். மாத்திரை டப்பா, தண்ணீர் பாட்டில், பற்பசை மூடி, எதுவானாலும் இதே கூத்துதான். திருகுகிற பொருள் என்றால் முதலில் எதிர்ப்பக்கமாக ஒரு சுற்று சுற்றுவார். மரையின் முனை மரையில் விழும்போது லேசாக ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும். அது காதில் விழுந்த பிறகுதான் சரியான பக்கம் முறுக்குவார். “பின்னால ஒரு சுத்து. டிக்குனு கேக்கணும். கேட்டாத்தான் முன்னால” என்று அதற்கு ஒரு மந்திரம் வேறு. லிஃப்ட் பழுது பார்க்கிற மனிதருக்கு இந்தப் புத்தி வேண்டியதுதான். அவர் முறுக்கிய நட்டுகளை நம்பி எத்தனையோ பேர் பத்தாவது மாடிக்கு ஏறி இறங்கினார்கள். கட்டிக்கொண்டவள் பாடுதான் திண்டாட்டம். பற்பசைக்கு மூடி போடத் தெரியாதவள் என்ற பட்டத்தோடு அவள் அந்த வீட்டில் குப்பை கொட்டினாள்.

வெளியே அவள் கைக்கு நல்ல பெயர். பரிசோதனைக்கூடத்துக்காக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கிற வேலை. கிழவர்களின் தோலுக்கடியில் ஓடி ஒளிகிற நரம்பைக்கூட ஒரே குத்தில் பிடித்துவிடுவாள். அந்தக் கை வீட்டுக்குள் வந்ததும் ஒன்றுக்கும் உதவாத கையாகிவிடும். எதைத் தொட்டாலும் அவர் ஒரே வார்த்தைதான் சொல்வார். “நீ உக்காரு, நான் பாத்துக்கறேன்.”

காரை மட்டும் தொடவே விட்டதில்லை. அவள் பிடிவாதமாக ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து, ஓட்டக் கற்று, வீட்டில் ஒரு மாதம் வாய்ச்சண்டை போட்டு ஜெயித்தாள். தேர்வு நாளன்று அவரே அழைத்துப் போனார். “தேர்வுல நீ ஓட்டு. அதுவரைக்கும் நான்தான் ஓட்டுவேன்” என்றார். நெடுஞ்சாலையில், உச்சி வெயிலில், முன்சக்கரம் வெடித்தது. ஓட்டுகிறவர் பக்கத்துச் சக்கரம், லாரிகள் உரசிக்கொண்டு போகிற பக்கம்.

அந்தக் காரில் சக்கரத்துக்கு நட்டு கிடையாது, வெறும் போல்ட்தான். அதில் சக்கரம் மாற்றுவது இரண்டு பேர் வேலை. கனத்த சக்கரத்தைக் காலால் முட்டுக்கொடுத்துத் தூக்கிப் பிடித்து, சக்கரத்தின் துளையும் உள்ளே அச்சு முனையிலிருக்கிற ஹப்பின் துளையும் ஒரே கோட்டில் வரும்வரை நகர்த்தி, கண்ணை இடுக்கிக்கொண்டு போல்ட்டை நுழைக்க வேண்டும். ஒருவர் பிடித்துக்கொண்டு ஒருவர் முறுக்கினால் ஒன்றுமே இல்லை. அவள் கதவைத் திறந்தாள். “இறங்காதே. நீ உக்காரு, நான் பாத்துக்கறேன்.” அவள் உட்கார்ந்தாள். கார் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. வேலை முடிந்தால் டயரை இரண்டு தட்டுத் தட்டுவது அவர் வழக்கம். அந்தத் தட்டுக்காகக் காத்திருந்தபோதுதான் லாரி வந்தது. காருக்கு ஒரு கீறல்கூட இல்லை. சக்கரத்தில் மூன்று போல்ட் ஏறியிருந்தன. ஒன்று சாலையில் கிடந்தது. ஒன்றை அவர் கையிலிருந்து பிரித்தெடுக்க வேண்டியிருந்தது.

துக்கம் ஒரு பக்கம் இருக்கட்டும். அதைவிட அதிகமாக அவளுக்கு வந்தது கோபம். ‘கை கொடுன்னு ஒரு வார்த்தை கேட்டா உங்க கிரீடமா இறங்கிடும்?’ என்று யாருமில்லாத அறையில் பல முறை கேட்டுவிட்டாள். பிறகு தேர்வுக்குப் பேருந்தில் போனாள், முதல் தடவையிலேயே தேறினாள், கார்ச் சாவியை எடுத்தாள். ரத்தக் குப்பிகள் வெயிலில் கெட்டுப்போவதற்குள் கூடத்துக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். கார் இல்லாவிட்டால் அந்த வேலை இல்லை. அந்த வேலை இல்லாவிட்டால் மாமியாரும் அவளும் யார் கையையாவது பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். உட்கார்ந்தது போதும் என்று அவள் நினைத்தாள்.

ஒரு நாள் சந்தில் டயர் இறங்கிப்போய், சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துத் துளை தேடி, முடியாமல் வழியில் போன ஒருவரை அழைக்க வேண்டியதாயிற்று. அன்று மாலையே கொழுந்தனிடம் போனாள். அவன் லேத்துப் பட்டறை வைத்திருந்தான். எதையும் அரை மில்லிமீட்டர் பிசகாமல் அளப்பவன் என்பதால் தொழிலில் அவனுக்கு ‘அரைமில்லி’ என்றே பெயர். பெற்ற தாய்கூட அப்படித்தான் கூப்பிடுவாள்.

“ஒத்த ஆளா டயர் மாத்தற மாதிரி ஏதாவது பண்ணு தம்பி.”

“போல்ட்டை எறிஞ்சுட்டு ஸ்டட் போட்டுரலாம் அண்ணி. ரெண்டு பக்கமும் மரை இருக்கிற கம்பி. ஒரு முனையை ஹப்புல நிரந்தரமா இறக்கிட்டா மறு முனை வெளிய நீட்டிக்கிட்டு நிக்கும். சட்டையை ஆணியில மாட்டற மாதிரி சக்கரத்தை அதுல மாட்ட வேண்டியதுதான். அப்புறம் நட்டு. யார் தயவும் வேண்டாம்.”

“இதை உங்க அண்ணன்கிட்ட சொன்னதில்லையா நீ?”

“சொல்லாம இருப்பேனா? ‘நீ போட்ட ஸ்டட்டை நம்பி நான் ஓட்டணுமா’ன்னார்.”

இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பட்டறையில் காரைத் தூக்கி நிறுத்தினார்கள். சக்கரங்களைக் கழற்றியதும் ஹப்பின் துளைகளில் பழைய எண்ணெயும் துருவும் அப்பியிருந்தன. பிசுக்கு இருந்தால் ஸ்டட்டில் தடவுகிற பசை பிடிக்காது என்று அவன் சொன்னான். அவள் தன் பெட்டியைத் திறந்து பஞ்சும் ஸ்பிரிட்டும் எடுத்தாள். ஊசி போடுமுன் தோலைத் துடைக்கிற மாதிரியே ஒவ்வொரு துளையையும் துடைத்தாள். பஞ்சு வெள்ளையாகவே வெளியே வரும்வரை விடவில்லை.

“பாத்து அண்ணி, ஹப்புக்கு ரத்தம் வந்துரப்போகுது.”

“வந்தா அதையும் குப்பியில பிடிச்சுக்கறேன், போடா.”

வெடித்த பக்கத்து ஹப்பில் ஒரு துளை மட்டும் மரை கெட்டிருந்தது. சாலையில் கிடந்த போல்ட்டை எடுத்து யாரோ அவசரத்தில் கோணலாக ஏற்றியிருந்தார்கள். அரைமில்லி மரை வெட்டும் கருவியை விட்டுப் பொறுமையாக மறுபடி வெட்டினான். ஸ்டட்டின் மரையில், பிடித்தால் விடாத பசையைத் தடவி, அடிவரைக்கும் இறக்கினான். இரவு முழுக்கக் காயவிட்டான். மறுநாள் காலை சக்கரத்தை அவளையே மாட்டச் சொன்னான். அவள் தூக்கி மாட்டினாள். அது அப்படியே நின்றது. பிடித்துக்கொள்ள ஆளில்லாமல் சக்கரம் தானாக நிற்பதை அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவுதானா விஷயம்?

நட்டுகளை அவளே முறுக்கினாள். வேண்டிய இறுக்கம் வந்ததும் ‘டக்’ என்று சொல்லிவிடும் ரெஞ்சால் அவன் சரிபார்த்தான். பிறகு ஒவ்வொரு நட்டின் மேலும், அதிலிருந்து சக்கரத்தின் மேலும் சேர்ந்தாற்போல மஞ்சள் பெயின்டால் ஒரு கோடு இழுத்தான்.

“தினமும் கிளம்பறதுக்கு முன்னால இந்தக் கோட்டைப் பாருங்க. நட்டு கொஞ்சம் அசைஞ்சாலும் கோடு ரெண்டாப் பிரிஞ்சுரும். நேரா இருந்தா தைரியமா எடுங்க.”

மாமியாருக்கு இந்த வேலையே பிடிக்கவில்லை. “அவன் கடைசியாத் தொட்ட சக்கரம். அதைப் போய்க் குடைஞ்சு வச்சிருக்கீங்க” என்று முணுமுணுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை அவள் நான்கு சக்கரத்தையும் சுற்றிவந்து பார்த்தாள். கோடுகள் நேராக இருந்தன. ரத்தப் பெட்டியைப் பக்கத்து இருக்கையில் வைத்தாள். அந்த இருக்கைக்கு ஒரு பழக்கம் உண்டு. கனமாக எதையாவது வைத்தால் ஆள் உட்கார்ந்துவிட்டதாக நினைத்து, பெல்ட் போடும்வரை ‘டிங் டிங்’ என்று உயிரை எடுக்கும். பெட்டிக்குப் பெல்ட்டைப் போட்டுவிட்டுக் கிளம்பினாள். பாலத்தின் இறக்கத்தில் ஸ்டியரிங் உதறியது. முன்னாலிருந்து ‘கடக் கடக்’ என்று சத்தம் வந்தது. எப்படியோ ஓரமாக நிறுத்தி இறங்கினாள். ஓட்டுகிறவர் பக்கத்து முன்சக்கரத்தில் மஞ்சள் கோடுகள் ஐந்தும் நேராகத்தான் இருந்தன. ஒரு நட்டைத் தொட்டாள். அது விரலுக்கு லேசாக ஆடியது. ஐந்தும் அப்படியே.

அரைமில்லி ஸ்கூட்டரில் பறந்துவந்தான். வந்தவன் முதலில் தன்னைத்தான் திட்டிக்கொண்டான். யானைக்கும் அடி சறுக்கும், எங்கோ கோட்டைவிட்டேன் என்றான். பிறகு குனிந்து உட்கார்ந்து நட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இருந்த இடைவெளியை அளந்தான். முகம் மாறிவிட்டது.

“ஒன்றரை மில்லி.”

“அதனால?”

“இந்த மரையில ஒரு முழுச் சுத்துக்கு நட்டு ஒன்றரை மில்லி நகரும் அண்ணி. ஒரு சுத்து. கூடவும் இல்ல, குறையவும் இல்ல. அதான் கோடு பழைய இடத்துக்கே வந்து நின்னிருக்கு. இங்க பாருங்க, பெயின்ட் முடி அகலத்துக்கு வெடிச்சிருக்கு. தானா கழண்டா ஒண்ணு கால் சுத்து, ஒண்ணு அரைச் சுத்துன்னு ஆளுக்கு ஒரு பக்கமா நிக்கும். அஞ்சும் சொல்லிவச்ச மாதிரி ஒரே ஒரு சுத்து பின்னால போயிருக்கு.”

சொல்லிவிட்டு அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. பின்னால் ஒரு சுற்று யாருடைய கை என்று அந்தக் குடும்பத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஆனாலும் அவன் மனசைத் தேற்றிக்கொண்டான். “அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். தெருவுல ஏதோ ஒரு வம்பன் பண்ற வேலை” என்றான். காரைப் பட்டறைக்குள் கொண்டுபோய், ஸ்டட்டில் பசை பிடித்திருக்கிறதா, நட்டின் வாய் சக்கரத்தின் குழியில் சரியாக உட்காருகிறதா என்று எல்லாவற்றையும் பார்த்தான். ஒரு குறையும் இல்லை. மறுபடி இறுக்கி, புதுக் கோடு போட்டான். ஷட்டரை இழுத்து மூடி உள்ளே தாழ்ப்பாள் போட்டான். இருவரும் மோட்டார்ப் பெட்டியின் மேல் உட்கார்ந்து அவள் கொண்டுவந்த சாப்பாட்டைப் பிரித்தார்கள். நல்ல மத்தியானம். தகரக் கூரையிலிருந்த ஓட்டைகள் வழியாக வெயில் விழுந்து தரையில் காசு காசாகக் கிடந்தது. லேத்து நின்றுபோன அமைதியில் ஏதோ கிறீச்சிட்டது.

ஸ்பானர் எதுவும் இல்லை. கையும் இல்லை. அதே முன்சக்கரத்தில் நட்டு மட்டும் சுற்றியது. மஞ்சள் கோடு சக்கரத்தின் கோட்டிலிருந்து பிரிந்து, கீழே போய், மெதுவாக மேலேறி, பழைய இடத்தில் வந்து சேர்ந்து நின்றது. ஒரு வினாடி அசைவில்லை. யாரோ காதைத் தீட்டிக்கொண்டு கேட்பது போன்ற ஓர் அமைதி. பிறகு எதிர்மூலையிலிருந்த நட்டு சுற்ற ஆரம்பித்தது. ஒன்று விட்டு ஒன்று, எதிரெதிராக, முறையாக வேலை தெரிந்த ஆள் செய்கிற வரிசையில் ஐந்தும் சுற்றின.

அரைமில்லியின் கையிலிருந்த சோறு தரையில் விழுந்தது. “அண்ணா” என்றான். அவன் ஷட்டரைத் தூக்கிக்கொண்டு வெயிலில் போய் நின்றவன், உள்ளே வரவே மாட்டேன் என்றுவிட்டான். காரைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்துதான் வீட்டு வாசலில் விட்டார்கள்.

மாமியார் முடிவாகச் சொல்லிவிட்டாள். “அவன் உன்னைக் கூப்பிடறான். தனியாப் போனவன் துணை தேடறான். என் பிள்ளைதான், நான் இப்படிச் சொல்லக் கூடாது. ஆனா நீ எனக்கு வேணும். அந்த வண்டியை ஒழிச்சுக்கட்டு.” இவ்வளவு நாளில் அந்த அம்மாள் வாயிலிருந்து ‘நீ எனக்கு வேணும்’ என்று ஒரு சொல் வந்தது அதுதான் முதல் தடவை. அவள் சரியென்று தலையாட்டினாள். பழைய வண்டிகளை உடைக்கிறவரை மறுநாள் அழைத்துவருவதாக அரைமில்லி சொன்னான்.

அன்றிரவு அவள் தூங்கவில்லை. பயம் இருந்தது, இல்லாமல் என்ன. பாலத்து இறக்கத்தில் சக்கரம் கழன்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று திரும்பத் திரும்ப நினைத்தாள். ‘செத்தும் கெடுக்கறீங்களா?’ என்று கேட்டாள். பாம்பென்று தாண்டவும் முடியவில்லை, பழுதென்று மிதிக்கவும் முடியவில்லை. கொல்ல நினைக்கிறவர் ஒரு சுற்றோடு ஏன் நிறுத்த வேண்டும்? நட்டை ஒரேயடியாகக் கழற்றி எறிய எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு எதற்காகக் காத்திருக்கிறார்?

விடியும்போது அவளுக்கு அது உறைத்தது. அவர் டிக் என்ற சத்தத்துக்குக் காத்திருக்கிறார். ஏற்கெனவே மரையில் ஏறி உட்கார்ந்திருக்கிற நட்டைப் பின்னால் சுற்றினால் எந்தக் காலத்திலும் டிக் கேட்காது. கேட்காமல் அவர் முன்னால் முறுக்கவும் மாட்டார். அடுத்தவர் இறுக்கியதைத் தளர்த்தத் தெரிகிறது, அதற்கு மேல் போக முடியாமல் அங்கேயே நிற்கிறார். இந்த மனுஷன் என்னைக் கூப்பிட வரவில்லை, பாதியில் விட்ட வேலையை முடிக்க வந்திருக்கிறார் என்று நினைத்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு அழுகையாகிவிட்டது.

உச்சி வெயில் ஏறும்வரை பொறுத்திருந்தாள். அரைமில்லி உடைக்கிறவரைக் கூட்டிவரப் போயிருந்தான். மாமியார் உள்ளே கண்ணயர்ந்திருந்தாள். அவள் ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்கினாள். ஐந்து நட்டுகளையும் முழுக்கக் கழற்றினாள். அவர் செய்வதுபோலவே டிக்கியில் கிடந்த வீல் கப்பை, சக்கரத்தின் தட்டு மூடியை, மல்லாத்தி அதற்குள் நட்டுகளைப் போட்டுச் சக்கரத்தின் பக்கத்தில் வைத்தாள். ஸ்பானரைப் பிடி இந்தப் பக்கம் வரும்படி வைத்தாள். சக்கரம் ஸ்டட்டில் தொங்கிக்கொண்டு நின்றது.

“இனிமே துளை தேட வேண்டாம். உங்க தம்பி போட்டது. நல்லாத்தான் போட்டிருக்கான்” என்று சக்கரத்தைப் பார்த்துச் சொன்னாள். “நான் போய் உக்காந்துக்கறேன். போதுமா?”

அன்று போலவே பக்கத்து இருக்கைப் பக்கமாக ஏறி, கதவைச் சாத்தி, கைகளை மடியில் வைத்து உட்கார்ந்தாள். பெல்ட்டையும் போட்டுக்கொண்டாள். எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தெருவில் ஓர் ஈ காக்கை இல்லை. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை, நாம்தான் பைத்தியமாகிவிட்டோமோ என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. அப்போது வீல் கப்பில் இரும்பு உரசுகிற சத்தம் கேட்டது.

டிக்.

அதன் பின்னால் நட்டு மரையில் சரசரவென்று ஓடுகிற சத்தம். மறுபடி டிக். ஒவ்வொரு டிக்கையும் அவள் எண்ணினாள். ஐந்தும் ஏறின. ஜாக்கி இறங்கி, கார் மெல்ல மெல்லத் தாழ்ந்தது. பிறகு ஸ்பானரின் கடைசி இழுப்புகளுக்குக் கார் லேசாக ஆடியது. அவள் காத்திருந்தாள். இந்த இடத்தில்தான் அன்றைக்கு லாரி வந்தது.

டயரில் இரண்டு தட்டு விழுந்தது.

அவள் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். முடிந்தது, வேலை முடிந்தது, இனி அவர் போகலாம் என்று நினைத்தாள். அப்போது ஓட்டுகிற பக்கத்துக் கதவின் கைப்பிடி மேலே தூக்கிக்கொண்டது.

சக்கரம் மாற்றி முடித்தவர் அடுத்து என்ன செய்வார்? ஏறி வண்டியை எடுப்பார். அவளை அழைத்துக்கொண்டு கிளம்புவார். அதை அவள் யோசிக்கவே இல்லை. மாமியார் சொன்னது காதில் கேட்டது. பக்கத்து இருக்கையில் பெல்ட் போட்டுக்கொண்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, போவதற்குத் தயாராக அவளேதான் வந்து உட்கார்ந்திருக்கிறாள். கதவு விரல் அகலத்துக்குத் திறந்தது.

எப்படித் தாவினாள் என்று அவளுக்கே தெரியாது. பெல்ட்டைப் பிடுங்கி, கியரின் மேல் முட்டி இடிக்க, ஓட்டுகிற இருக்கைக்குப் போய் விழுந்து, கதவை இழுத்துச் சாத்தினாள். வெளியே யாரும் இல்லை, வெறும் வெயில்தான். ஆனால் கைப்பிடி இறங்கவில்லை. ஊசி பிடிக்கிற கையால் கதவை உள்ளிருந்து இறுக்கிப் பிடித்தாள். குரல் நடுங்காமல் பார்த்துக்கொண்டாள்.

“நீங்க அந்தப் பக்கம் போய் உக்காருங்க. நான் ஓட்டறேன்.”

கைப்பிடி அப்படியே நின்றது.

“தேர்வுல தேறிட்டேன். உங்களுக்குத் தெரியாது. தினமும் ஓட்டறேன். நீங்க பாத்ததே இல்லை. வந்து பாருங்க.”

வெகுநேரம் கழித்துக் கைப்பிடி தன் இடத்துக்குத் திரும்பியது. காரின் முன்பக்கத்தைச் சுற்றிக்கொண்டு ஏதோ போவதுபோல் கண்ணாடியில் வெயில் ஒரு கணம் மங்கி மறுபடி தெளிந்தது. பக்கத்துக் கதவு திறக்கவில்லை. இருக்கையின் மெத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கியது. அவள் சாவியைத் திருப்பினாள்.

டிங். டிங். டிங்.

“பெல்ட் போடுங்க” என்றாள். சத்தம் நிற்கவில்லை. உயிரோடு இருந்தபோதே சொன்னால் கேட்காத ஜென்மம். அவளே எட்டி, பெல்ட்டை இழுத்து, குறுக்கே கொண்டுவந்து மாட்டினாள். வெறும் இருக்கையில் மாட்டிய பெல்ட் இருக்கையோடு படிந்து கிடக்க வேண்டும். இது படியவில்லை. சாய்மானத்திலிருந்து ஒரு சாண் தள்ளி, ஒரு மார்பின் அகலத்துக்குப் புடைத்துக்கொண்டு நின்றது. மெதுவாக ஏறி இறங்கியது. மணி ஓய்ந்தது.

எஞ்சின் சத்தம் கேட்டு மாமியார் தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டே ஓடிவந்தாள். தடுக்கத்தான் வந்தாள். கார் அருகே வந்ததும் மருமகளைப் பார்க்காமல் பக்கத்து இருக்கையைப் பார்த்தாள். வாய் கோணியது. ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“சாப்பிட்டியாடா?” என்று காலி இருக்கையைப் பார்த்துக் கேட்டாள்.

“பதமா ஓட்டறேன் அத்தை. கூட்டிட்டுப் போயிட்டு வந்துடறேன்.”

“நீ வந்துடணும்” என்றாள் மாமியார். பிறகு கையை எடுத்தாள்.

நெடுஞ்சாலைக்கு வந்தார்கள். தேர்வுத் திடலுக்குப் போகிற சாலை அது. அன்றைக்குப் போய்ச் சேராத இடத்துக்கு ஒரு தடவை போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு எண்ணம் இல்லை. ஸ்டியரிங் உதறவில்லை. சக்கரம் வெண்ணெயாக ஓடியது. லாரிகள் காற்றை அறைந்துகொண்டு கடந்தன. அவள் கியர் மாற்றும்போதெல்லாம் பக்கத்தில் யாரோ காலால் இல்லாத பிரேக்கை மிதிப்பதுபோல் தரைவிரிப்பு அமுங்கியது. “பாத்துக்கிட்டுத்தான் ஓட்டறேன், சும்மா வாங்க” என்றாள். தன்னையறியாமல் சிரித்தும்விட்டாள்.

அந்த இடம் வந்தது. அங்கே எந்த அடையாளமும் இல்லை. ஆனால் தூரத்திலேயே அவள் அதை அடையாளம் கண்டுகொண்டாள். பக்கத்தில் பெல்ட்டின் கொக்கி கழன்றது.

டிங். டிங். டிங்.

பெல்ட் சரசரவென்று சுருண்டு மேலே போயிற்று. அவர் இறங்கப் போகிறார். இந்த இடத்தில் நிறுத்தச் சொல்கிறார். நிறுத்தினால் அதே ஓரம், அதே வெயில், பின்னால் அதே லாரிகள். அவள் கால் தானாகப் பிரேக்கின் மேல் போயிற்று. நிறுத்தினால் அவர் எப்போதும் இங்கேயே குந்தி உட்கார்ந்திருப்பார், தான் எப்போதும் உள்ளே காத்திருப்பாள் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. காலை எடுத்தாள்.

“இறங்காதீங்க” என்றாள். கண்ணைச் சாலையிலிருந்து எடுக்கவில்லை. “நீங்க உக்காருங்க. நான் பாத்துக்கறேன்.”

மணி அடித்துக்கொண்டே இருந்தது. அந்த இடம் ஜன்னலோரமாக வந்து, பின்னால் போயிற்று. ஒரு லாரி கடந்தது, இன்னொன்றும் கடந்தது. அவள் வேகத்தைக் குறைக்கவில்லை. கண்ணீர் கன்னத்தில் வழிந்து உதட்டோரம் உப்புக் கரித்தது, துடைக்கக் கையை எடுக்கவில்லை.

பக்கத்தில் பெல்ட் மெதுவாகக் கீழே இறங்குகிற சத்தம் கேட்டது. அவள் மாட்டியதை நம்பாத கை, தானே மறுபடி மாட்டுகிறது.

டிக்.

மணி நின்றது.